நாலு நிமிடம்

எங்கள் ஆய்வகத்தில் எனக்கு 'காரம்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சொல்வது என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதினாறு வருடமாக ஒரே அறையில், அதே குளிர்பெட்டிகளின் இரைச்சலுக்கு நடுவே வேலை பார்ப்பவளுக்கு எல்லாம் விழும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மூளையில் கட்டி இருப்பவர்களுக்கு அறுவை நடக்கும்போது, வெட்டி எடுத்த கட்டியில் பட்டாணி அளவு ஒரு துண்டு எங்களுக்கு வரும். அறுவை அரங்கின் சுவரில் ஒரு சிறிய ஜன்னல் உண்டு. நர்ஸ் அதைத் திறந்து, துண்டைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு மணியடிப்பார். நாங்கள் எடுத்துத் திரவ நைட்ரஜன் குடுவைக்குள் போட்டு உறையவைக்க வேண்டும். பிறகு ஆய்வகத்தில் அரைத்து, அதிலுள்ள புரதங்களைப் பிரித்து, எது விழித்துக்கொண்டிருக்கிறது, எது தூங்குகிறது என்று படம் எடுத்துப் பார்ப்போம்.

புரதம் விழித்திருப்பதற்கு அடையாளம் அதன் மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட் என்னும் ஒரு சிறு முத்திரை. ஒரு புரதம் அடுத்த புரதத்துக்கு முத்திரை குத்தும், அது அதற்கடுத்ததற்குக் குத்தும். 'வளர், இரண்டாகப் பிரி' என்ற உத்தரவு இப்படித்தான் செல்லுக்குள் கைமாறிப் போகிறது. முத்திரையைத் துடைத்து எடுப்பதற்கென்றும் சில புரதங்கள் இருக்கின்றன. உடம்பிலிருந்து வெட்டியதும் ரத்தம் நின்றுபோகும், ஆனால் இந்தத் துடைக்கிற கூட்டம் மட்டும் சளைக்காமல் வேலை செய்துகொண்டே இருக்கும். தட்டில் அரை மணி நேரம் கிடந்த துண்டில் முத்திரையே இருக்காது. கட்டிக்குள் கூச்சல் காதைப் பிளந்திருந்தாலும், எங்கள் படத்தில் எல்லாம் அமைதி என்று தெரியும்.

அதனால்தான் ஐந்து நிமிடம் என்று விதி. படிவத்தில் தட்டு வந்த நேரம், உறையவைத்த நேரம் இரண்டையும் நாங்களே எழுத வேண்டும். ஐந்தைத் தாண்டினால் 'தகுதியற்றது' என்று குறித்து ஒதுக்கிவிட வேண்டும்.

ஒதுக்கினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. நர்ஸ் உள்ளேயே இன்னொரு துண்டை உடனே பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடுவார். அது பிறகு மெழுகில் பதிக்கப்பட்டு, மெழுகுக் கட்டியாகப் பேத்தாலஜி என்னும் நோய்க்கூறுப் பிரிவில் இருக்கும், அதில் முத்திரைகள் அழியாது. ஆனால் அதை வெளியே அனுப்பிச் சோதித்து வாங்க நாளாகும், கடிதம் எழுத வேண்டும், பதில் சொல்ல வேண்டும். தகுதியற்றவை அதிகமானால் ஆராய்ச்சியையே மூடிவிடுவார்கள் என்ற பேச்சும் அப்போது இருந்தது.

எட்டு நிமிடம் ஆனபோது நான் நாலு என்று எழுதினேன். அப்புறம் பதினைந்துக்கும் நாலு. அந்தக் காலத்தில் அது வெறும் ஆராய்ச்சி. எங்கள் முடிவை வைத்து யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை, கட்டுரையில் ஒரு புள்ளியாகப் போய் உட்காரும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் மாத்திரை வந்தது. உத்தரவு தரும் முதல் புரதத்தின் வாயை அடைக்கும் மாத்திரை. எங்கள் படத்தில் 'சமிக்ஞை உண்டு', அதாவது முத்திரைகள் இருக்கின்றன, என்று வந்தவர்களுக்கு மட்டும் அதைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஆரம்பமானது. படிவம் அதே படிவம். நானும் அதே நான். கை பாட்டுக்கு நாலு என்று எழுதிக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில்தான் என் தம்பிக்கு வந்தது.

அவன் லிப்ட் மெக்கானிக். ஒரு நாள் வேலையிடத்தில் ஸ்க்ரூடிரைவர் என்ற சொல் வாயில் வரவில்லையாம். "அந்தத் திருகுற சாமானை எடுடா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டில் வந்து அதையே ஜோக்காகச் சொல்லிச் சிரித்தான். அடுத்த வாரம் வலது கையிலிருந்து டம்ளர் நழுவியது. ஸ்கேன் படத்தை முதலில் பார்த்தவள் நான். பதினாறு வருடத்தில் எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு படத்தின் மேலிருந்த பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அறுவைக்கு முந்திய ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உள்ள என்னதான் நடக்குது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாப்போம்" என்றான்.

"செல்லோட வெளிச்சுவத்துல ஒரு புரதம் வாசல்காரன் மாதிரி நிக்கும். வெளியிலேர்ந்து 'வளரு'ன்னு தகவல் வந்தா உள்ள இருக்கிறவனைத் தட்டிச் சொல்லும். அவன் அடுத்தவனைத் தட்டுவான். வேலை முடிஞ்சதும் எல்லாரும் கம்முனு ஆயிடணும். உனக்கு யாருமே கூப்பிடாம அவன் பாட்டுக்குத் தட்டிக்கிட்டே இருக்கான்னு நினைக்கிறோம்."

அவன் முகம் தெளிந்தது. "அட, மோட்டாருக்குக் கரண்ட் விடற சுவிட்சு, கான்டாக்டர், ஒட்டிக்கிச்சு! பட்டன்லேர்ந்து விரலை எடுத்தாலும் மோட்டார் நிக்காது. மேல போய் இடிச்சுக்கிட்டே இருக்கும்."

"அதேதான்."

"அப்ப மெயினை ஆஃப் பண்ணணும்."

"அதுக்குத்தான் அந்த மாத்திரை. ஆனா ஒட்டியிருக்கிறது அந்தக் கான்டாக்டர்தானான்னு மொதல்ல பாக்கணும். கோளாறு வேற எடத்துலன்னா மாத்திரை சும்மா வயித்தைக் கெடுக்கும், அவ்வளவுதான்."

அவன் மனைவி மடிப்பதை நிறுத்தினாள். "சரியாயிடுமான்னு கேக்கலை அண்ணி. எவ்வளவு நாள்னு மட்டும் சொல்லுங்க."

"மாத்திரை கேட்டா ஒரு வருஷம் கூடக் கெடைக்கலாம். சிலருக்கு அதுக்கு மேலயும் போயிருக்கு."

"கேக்கலைன்னா?"

அவள் மடித்துவைத்த துணிகளை எடுத்து அடுக்கினேன். தம்பிதான், "ஒரு வருஷம்னா சும்மாவா, எத்தனை லிப்டை ரிப்பேர் பண்ணிடலாம்" என்றான்.

சொந்தக்காரர்களின் துண்டை நாங்கள் தொடக் கூடாது என்பது விதி. ஆகவே அன்றைக்கு ஜன்னல் வேலை என்னோடு இருப்பவருக்குப் போனது. ரத்த வங்கியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் மாற்றலாகி வந்தவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார், தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் ஓடுவார். அதனால் அவருக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

நான் முதல் தடவையாக வெளி பெஞ்சில், தம்பி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கண்ணாடித் தடுப்பு வழியாக அந்த ஜன்னல் நன்றாகத் தெரியும். பதினொன்று பத்துக்கு நர்ஸ் தட்டை வைத்து மணியடித்தார். யாரும் வரவில்லை. பதினொன்றே கால் ஆயிற்று. போன் போட்டேன்.

"குடுவையில நைட்ரஜன் தீந்துபோச்சுங்க. அடுத்த கட்டடத்துல போயி ரொப்பிக்கிட்டு இருக்கேன். இதோ வந்துட்டேன்" என்றார் அவசரம்.

தட்டில் என் தம்பியின் துண்டு கிடந்தது. என்னிடம் குடுவையும் கிடையாது, தொட உரிமையும் கிடையாது. "அதுதானா அண்ணி?" என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே முத்திரைகள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருப்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் வந்து எடுத்தபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டு. முப்பத்திரண்டு நிமிடம்.

ஆத்திரம் வந்தாலும் அடக்கிக்கொண்டேன். போகட்டும், முப்பத்திரண்டு என்று எழுதுவார், தகுதியற்றது என்று ஆகும், மெழுகுக் கட்டியில் பார்த்துக்கொள்வார்கள், கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படி ஒரு நேர்மையை நான் அவரிடம் எதிர்பார்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எட்டாம் நாள் முடிவு வந்தது. 'சமிக்ஞை இல்லை. மாத்திரைக்குத் தகுதி இல்லை.' படிவத்தை இழுத்துப் பார்த்தேன். தட்டு வந்த நேரம் பதினொன்று முப்பத்தெட்டு. உறைந்த நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. நாலு நிமிடம்.

குளிர்பெட்டி அறையில் அவரைப் பிடித்துக்கொண்டு கரடியாகக் கத்தினேன். மனுஷனா நீங்கள், கண் முன்னால் பார்த்தேனே, ஒரு உயிரை இப்படி நாலு எழுத்தில் சாகடிப்பீர்களா என்றெல்லாம் கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றாமல் நின்று கேட்டுக்கொண்டார். நான் மூச்சு வாங்கியபோதுதான் பேசினார்.

"நீங்க சொல்லித்தானேங்க நான் எழுதுறேன்."

"நான் எப்ப சொன்னேன்?"

"வந்த மொத வாரமே. இருபது நிமிஷம் ஆயிப்போச்சு, என்ன எழுதறதுன்னு கேட்டேன். 'அரை மணி வரைக்கும் எதுவா இருந்தாலும் நாலுன்னு போடுங்க. அஞ்சுன்னு போட்டா சந்தேகப்படுவாங்க'ன்னு சொன்னீங்க." கொஞ்சம் யோசித்து, "ரெண்டு நிமிஷம் கூடப் போச்சு, அது என் தப்புதான்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை.

நான் சொன்னதுதான். சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குப் பதினாறு வருடம் கழித்துத் தெரிந்தது.

பயந்துபோன அவர்தான் வழியும் சொன்னார். "இது ஒண்ணை மட்டும் திருத்திடலாங்க. நேரத்தை மாத்தி எழுதிட்டேன், என் கவனக்குறைவுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். உங்க தம்பிக்கு மெழுகுல பாத்துடுவாங்க."

"மத்தவங்களுது?"

"அதைக் கிளறினா சோதனையவே நிறுத்திடுவாங்க. புதுசா யாருக்கும் மாத்திரை கெடைக்காது. உங்க தம்பிக்கும்தான்."

அவர் சொன்னது உண்மை. விதியே அப்படித்தான். புகார் வந்தால் புதியவர்களைச் சேர்ப்பது நிற்கும், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் தொடர்ந்து கொடுப்பார்கள். அன்றே சொன்னால் தம்பி வாசலிலேயே நின்றுவிடுவான். அவன் முதல் மாத்திரையை விழுங்கிய பிறகு சொன்னால் அவனை யாரும் எடுத்துவிட முடியாது. நான் அதிகம் யோசிக்கவில்லை. திருத்திய தாளை வாங்கிக்கொண்டேன்.

சோதனையின் தலைவி ஒரு டாக்டரம்மா. தாளைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல வேளை, நீங்க அங்க உக்காந்திருந்தீங்க. உங்க எடத்துல வேற யாராவது இருந்தா, ஜன்னல்ல என்ன வெச்சாங்க, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு அவங்களுக்கு என்ன தெரியும் பாவம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மற்றவர்களைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மெழுகுக் கட்டியின் முடிவு வந்தது. முத்திரைகள் அத்தனையும் இருந்தன. 'சமிக்ஞை உண்டு, மிக வலுவாக.' கையெழுத்துகள், ரத்தப் பரிசோதனை, இன்னொரு ஸ்கேன் எல்லாம் முடிந்து, அவசரத்தோடு நான் சண்டை போட்ட நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் தம்பி முதல் மாத்திரையை விழுங்கினான். அவன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லைன்னா என்ன ஆயிருக்கும் அண்ணி" என்றாள். அந்தப் பிடியிலிருந்து கையை உருவிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை.

அன்று மதியமே டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன்.

"நாலு நிமிஷம்னு இருக்கிற எதையும் நம்பாதீங்கம்மா. என் கையெழுத்துல இருக்கிறதையும் சேர்த்துத்தான்."

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார்.

"மாத்திரை வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்தே."

"இது உங்களுக்கு எப்ப உறைச்சுது?"

பத்தொன்பது நாளுக்கு முன்பு என்றேன். அவர் மேசை நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "தம்பி இன்னிக்குத்தானே ஆரம்பிச்சார்" என்று மட்டும் சொன்னார்.

சோதனை நின்றது. எனக்கும் அவசரத்துக்கும் ஜன்னல் வேலை போயிற்று, விசாரணை முடியும்வரை படிவங்களைப் பிரித்து அடுக்கும் வேலை. மாத்திரைச் சோதனை தொடங்கிய பதினான்கு மாதத்தில் 'நாலு நிமிடம், சமிக்ஞை இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முப்பத்தொரு பேர். அதில் பத்தொன்பது பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். மீதிப் பன்னிரண்டு பேரின் மெழுகுக் கட்டிகளும் சோதனைக்குப் போயின. மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நான்கு பேருக்குச் சமிக்ஞை இருந்தது. நிறுத்திய சோதனையில் அந்த நான்கு பேருக்கு மட்டும் மாத்திரை கொடுக்க டாக்டரம்மா போராடி அனுமதி வாங்கினார்.

இதற்கு நடுவில் தம்பியிடமும் சொன்னேன். மறைத்துவைக்க முடியவில்லை. மாத்திரையால் வாயெல்லாம் புண்ணாகி, மெதுவாகத்தான் பேசினான்.

"லிப்டைப் பாக்காமலே பாத்தேன்னு நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லக்கா."

"தெரியும்."

"அந்தப் பத்தொன்பது நாளு. எனக்காகத்தானே?"

"ஆமாம்."

"நான் கேட்டேனா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே, "மாத்திரையை நிறுத்திடவும் தைரியம் வரலக்கா" என்றான். அவன் முதுகில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கையைத் தட்டிவிடவில்லை.

நான்கு வீடுகளுக்கும் தானே பேசுவதாக டாக்டரம்மா சொன்னார். நான் பேசுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் எதிரே உட்கார்ந்திருக்க, அவர் மேசைப் போனிலிருந்தே, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டு, கூப்பிட்டேன். முதல் மூன்று வீடுகளில் ஒருவர் அழுதார், ஒருவர் உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார், ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டார்.

நான்காவது வீட்டில் ஒரு பெண் எடுத்தார். பள்ளி பஸ் ஓட்டுநர் ஒருவரின் மனைவி. பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னேன். சத்தம் நின்றது.

"அந்த மாத்திரையைக் கரைச்சுக் குடுக்கலாங்களா?" என்று கேட்டார்.

"முடியாதும்மா. முழுசாத்தான் முழுங்கணும்."

"இப்ப எதுவும் முழுங்கறதில்லைங்க. குழாய் வழியாத்தான் ஊத்தறோம். ரெண்டு வாரத்துக்கு முன்னாடிகூட, தானே எழுந்து உக்காந்து சாப்பிட்டாரு. பத்து நாளுதான் ஆச்சு இப்படி."

ஒலிவாங்கியை மறைத்துக்கொண்டு டாக்டரம்மாவைப் பார்த்தேன். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது. மெல்லத் தலையை அசைத்தார். இல்லை என்றுதான் அர்த்தம். நான் வாயை மூடியிருந்த பத்தொன்பது நாளிலிருந்து பத்தைக் கழித்துப் பார்த்தேன். நான் அன்றே சொல்லியிருந்தால் இந்த போன் பத்தொன்பது நாளுக்கு முன்பே போயிருக்கும். அவர் விழுங்குவதற்கு ஒன்பது நாள் இருந்திருக்கும். மாத்திரை அவரைப் பிழைக்க வைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. வைத்திருக்காது என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

"வேற வழி பாக்கறோம்மா. டாக்டரம்மா உங்ககிட்ட பேசுவாங்க" என்றேன்.

"சரிங்க." பிறகு அந்தப் பெண் கேட்டார். கோபமே இல்லாத குரல், விவரம் தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல. "இது உங்களுக்கு இப்பத்தான் தெரிய வந்துச்சுங்களா?"

டாக்டரம்மா போனை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இல்லம்மா. முன்னாடியே தெரியும். என் தம்பிக்கு மாத்திரை கெடைக்கட்டும்னு சொல்லாம இருந்தேன்."

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். இருங்க, பேனா எடுக்கிறேன் என்றார். எடுத்துவந்ததும் மறுபடி சொல்லச் சொன்னார். அவர் எழுதிக்கொள்ள வசதியாக எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.